வேதா ‘காப்பிக்காரர்’ அல்லர், வழிநூலார்

தமிழ்த் திரையிசை பற்றிய எழுத்துகளில் இசையமைப்பாளர் வேதாவுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது: இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அண்மையில் ஒரு கருத்தரங்கில் ‘யார் நீ?’ (1966) படத்தின் இசை குறித்து நான் கட்டுரை வாசித்தபோது, “காப்பியில் ஆய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டார். அரங்கம் சிரித்தது. அக்கேள்விக்கு விரிவான மறுமொழி தேவைப்படுகிறது.

மறுக்க இயலாதவை முதலில். ‘யார் நீ?’, ராஜ் கோஸ்லாவின் ‘வோ கௌன் தீ’ (1964) படத்தின் தழுவல். அதன் பேய்ப்பாட்டின் மெட்டு மதன்மோகனுடையது. அப்பெருமை அவருக்கே உரியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965), ‘இரு வல்லவர்கள்’ (1966) ஆகிய படங்களிலும் இந்தி மெட்டுகள் உண்டு. எனினும் இதே வேதாதான் கல்கியின் கதையைப் படமாக்கிய ‘பார்த்திபன் கனவு’க்கு (1960) இசையமைத்தார். சொந்த மெட்டு அமைக்கத் தெரியாதவர் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

மெட்டு யாருடையது என்பது ஒரு கேள்வி. அச்சம் எப்படி உண்டாயிற்று என்பது வேறு கேள்வி. ‘யார் நீ?’ கதையில் உண்மையான பேய் இல்லை. மனிதர்களின் சூழ்ச்சியே உண்டு. நாயகனையும் நம்மையும் ஏமாற்றுவது ஒரு குரல். அதாவது, பாட்டே பேய். அந்தக் குரல் தமிழ்ச் செவியை அழைக்க வேண்டுமானால் தமிழாகவே ஒலிக்க வேண்டும். கண்ணதாசனின் சொற்களும் பி. சுசீலாவின் குரலும் முன்பே முடிவான ஒரு மெட்டுக்குள் நுழைகின்றன. நீளும் இசையில் நெடில் விழுகிறதா, வல்லினம் ஓசையை எங்கே தடுக்கிறது என்பவை தமிழுக்கேயுரிய சிக்கல்கள். இந்தியில் கண்ட தீர்வு இங்கே உதவாது. மொழியியல் மாணவருக்கு இதைவிட நல்ல ஆய்வுப்பொருள் எது?

அடுத்த ஆண்டே ஏ.சி. திருலோகசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘அதே கண்கள்’ (1967) வந்தது. இந்தி மூலம் இல்லாத கதை. கொலையாளி யாரென்று தெரியாத வீடு. அங்கே திகிலைக் கட்டியெழுப்பியதும் வேதாவின் இசைதான்.

‘காப்பி’ என்பதைத் தமிழ் மரபின் பெயரால் இகழ்வோர் தொல்காப்பிய மரபியலை மீண்டும் புரட்டலாம். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூல் அங்கே நான்காக வகுக்கப்படுகிறது. வழிநூல் செய்பவன் திருடனாகக் கருதப்படவில்லை. பிறமொழி மெட்டில் தமிழ்ச் சொல்லைப் பொருத்தும் ‘வர்ணமெட்டு’, நாடக மேடையிலும் தொடக்ககாலப் பேசும்படங்களிலும் இயல்பாகவே வழங்கியது. கம்பருக்கும் பாபநாசம் சிவனுக்கும் நீட்டும் அளவுகோலை வேதாவுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. நான் கோலார் தங்கவயலின் பாலகாட்டைச் சேர்ந்தவன். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் காலூன்றிய சுரங்கங்களுக்கு வேலை தேடி வந்தவர்களின் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்தன. சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பிறகும் அந்தத் தமிழ் இங்கே வாழ்கிறது. எங்களுக்கு ‘லைன்’ என்றால் வெறும் கோடோ வரிசையோ அன்று, தொழிலாளர் குடியிருப்பு. சொல் கடன், பொருள் எங்களுடையது. “இது என்ன தமிழ்?” என்று எங்களைக் கேட்பவரும், “காப்பியில் என்ன இருக்கிறது?” என்று கேட்பவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஒன்று எங்கிருந்து வந்தது என்று அறிந்ததும், இங்கே அது என்னவாயிற்று என்று கேட்பதை நிறுத்திவிடுகின்றனர்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இசைத்தட்டுப் பட்டியலையும் மூல மெட்டுப் பட்டியலையும் கொண்டு ஓர் இசையமைப்பாளரை அளக்காதீர்கள். ‘யார் நீ?’ படத்தை முழுமையாகக் கேளுங்கள். இசை எந்தக் கணத்தில் தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது, மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்புகளை ‘வோ கௌன் தீ’யோடு ஒப்பிட்ட பிறகு, வேதாவிடம் சொந்தமாக ஒன்றுமில்லை என்று எவரேனும் நிறுவினால் ஏற்றுக்கொள்வேன். கேட்காமலே சிரிப்பது ஆய்வாகாது.