வெலிங்டனின் குதிரையும் சிப்பாயின் காலும்

1803 செப்டம்பர் 23 அன்று அசாயேவில் மராத்தியரை வென்றது பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லி என்ற ஒற்றை அதிகாரியின் துணிச்சல், நீலகிரியின் வெலிங்டன் அவர் பெயரைத் தாங்குவது அதற்குத் தகும் என்கிறார்கள். துணிச்சலை மறுக்கவில்லை. அன்று அவர் ஏறியிருந்த குதிரைகளில் ஒன்று சுடப்பட்டது, இன்னொன்று ஈட்டியால் குத்தப்பட்டது. ஆனால் முதலாவது, பீரங்கிகளை நோக்கி நடந்தவர்கள் யார்? ஹைலாந்தர்களோடு மெட்ராஸ் சிப்பாய்களும்தான். கொல்லப்பட்டும் காயமுற்றும் விழுந்தவர்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். இரண்டாவது, கைத்னா ஆற்றைக் கடக்கும் துறையைக் கண்டுபிடித்தது அவர்தானே என்பார்கள். உண்மை. இரு கரையிலும் எதிரெதிரே ஊர்கள் இருப்பதைப் பார்த்து, இடையே துறை இருக்கும் என்று ஊகித்தார். அது கூர்மதி, வீரம் அல்ல. இரண்டையும் ஏன் குழப்ப வேண்டும்?

மூன்றாவதுதான் முக்கியம். தளபதியின் துணிச்சலே போரை முடிக்கும் என்றால், வயநாட்டில் ஏன் முடிக்கவில்லை? இன்றைய நீலகிரியின் நாடுகாணி, கூடலூர்ப் பகுதி 1877 வரை அந்த வயநாட்டோடுதான் இருந்தது. மலபார்ப் படைகள் வெல்லஸ்லியின் பொறுப்பில் இருந்தபோதும் ஆங்கிலேயரை எதிர்த்துப் பழசி ராஜா காட்டுக்குள் நின்று போராடினார். 1805 மார்ச்சில் வெல்லஸ்லி இந்தியாவை விட்டுப் போனார். பழசி ராஜா வீழ்ந்ததோ நவம்பர் 30இல்தான். வெலிங்டனில் பயிற்சி பெறும் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களின் சின்னத்தில் இன்றும் இருப்பது வெல்லஸ்லியின் உருவம் அல்ல, அசாயே யானை.