முன் லாக்கரா? கடைசியில் பார்ப்போம்

டகோமா டிஆர்டி ஆஃப்-ரோடில் பின் லாக்கர் கம்பெனியிலிருந்தே வருது. முன்னாலயும் ஒண்ணு போடலாமா? போடலாம், ஆனா கடைசியா.

சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால், அதுதான் வீணாகச் சுத்தும். தரையில் இருப்பது சும்மா நிற்கும். லாக்கர் ரெண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். பாறை ஏற அருமை. ஆனால் முன் சக்கரம் திரும்பவும் வேணுமே! பூட்டினால் ஸ்டியரிங் இறுகும். சக்கரத்தை முழுசாத் திருப்பிவைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிவி ஜாயின்ட் உடையலாம். சிக்னலே இல்லாத காட்டில் உடைஞ்சா யாரைக் கூப்பிடுவீங்க?

முதலில் நல்ல டயர் போடுங்க. காற்றைக் குறைத்து ஓட்டப் பழகுங்க. திரும்ப நிரப்ப ஒரு கம்ப்ரசர் வேணும். ஏர் லாக்கருக்கும் பொருந்துறதா வாங்கினா, அந்தக் காசும் வீணில்லை.