ஓடு பார்க்க வந்தவர்கள் ஏன் ஓடுகிறார்கள்?

கீழடி அருங்காட்சியகத்தில் மிக வேகமாகத் தேய்வது எது? சந்தேகமே வேண்டாம், தரைதான். நிற்கிறவர்களை விட நடக்கிறவர்கள் அத்தனை பேர்!

மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் பக்கம் திரும்பினால் வந்துவிடும். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், 18 கோடி ரூபாய்க்கும் மேல் செலவு செய்து கட்டி, 2023 மார்ச் 5-ஆம் தேதி திறந்தார்கள். ஆறு காட்சிக்கூடங்கள். வேளாண்மை, மட்பாண்டம், நெசவு, கடல் வணிகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். ஆயிரக்கணக்கான பொருள்கள். குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆனால் விடுமுறை நாளில் அங்கே ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றால் நடப்பது இதுதான். காலையில் மீனாட்சியம்மன் கோயில், அடுத்து திருமலை நாயக்கர் மகால், அதற்கடுத்து கீழடி, ராத்திரிக்குள் ராமேஸ்வரம். டிரைவர் கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவார்: "அண்ணே, ஒரு மணி நேரம்தான். பாத்துட்டு வெரசா வந்துருங்க." அவ்வளவுதான், ஓட்டம் ஆரம்பம். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு ஓடுகிற மாதிரி, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு பார்வையை மொய்யாக வைத்துவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார்கள். நடுவில் பத்து செல்ஃபி. வெளியே வந்ததும் ஒருவர் தீர்ப்பு சொல்வார்: "எல்லாம் சட்டியும் பானையும்தானப்பா... இதுல என்னத்தப் பாக்க?"

ஓடு பார்க்க வந்துவிட்டு ஓடினால் வேறென்ன தெரியும்?

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்

"டிக்கெட் எடுத்தாச்சு, ஒண்ணு விடாமப் பாக்கணும்" என்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். ஹோட்டலில் அளவுச் சாப்பாடு வாங்கியவர் ஒரு பருக்கை விடாமல் தின்பது நியாயம். அருங்காட்சியகம் அளவுச் சாப்பாடு இல்லை.

பேச்சுக்கு ஆயிரம் பொருள்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பத்தே பத்து விநாடி. மொத்தம் பத்தாயிரம் விநாடி, அதாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒன்றுக்கு நாலு விநாடி கூடக் கிடைக்காது. நாலு விநாடியில் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். 2,600 வருஷத்துப் பானையைப் படிக்க முடியுமா?

பாரிஸில் உள்ள லூவ்ருக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே காட்சியில் இருப்பவை சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் 12 நாள், இரவு பகல் தூங்காமல் நடக்க வேண்டும். ஆக, எந்தப் பெரிய அருங்காட்சியகத்தையும் "முழுசாப் பாத்தாச்சு" என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஒன்றையும் பார்க்கவில்லை.

இன்னொரு கட்சி

இவர்களுக்கு நேர் எதிராக ஒரு கட்சி இருக்கிறது. கொஞ்சம் படித்தவர்களின் கட்சி. "கீழடியைப் பார்க்க ஒரு நாள் முழுசா வேணும். ஒரு மணி நேரத்துக்குப் போறதுக்குப் போகாமலே இருக்கலாம்" என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் முழுசாக யாருக்குக் கிடைக்கும்? ராமேஸ்வரத்தில் திதி கொடுத்துவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்குக் கிடைக்குமா? மேலூரிலிருந்து மூன்று பேருந்து மாறிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாவுக்குக் கிடைக்குமா? கீழடியில் கிடைத்தவை ராஜா ராணியின் கிரீடங்கள் அல்ல. நூல் நூற்றவர்கள், பானை வனைந்தவர்கள், கிணறு இறக்கியவர்கள் விட்டுப்போன பொருள்கள். உழைக்கிறவர்களின் பொருள்களைப் பார்க்க, லீவு போட வசதி இருப்பவர்கள் மட்டும் வந்தால் போதும் என்பது என்ன நியாயம்?

முதல் கட்சி நேரத்தை வீணாக்குகிறது. இரண்டாவது கட்சி, நேரம் குறைவாக இருப்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. இரண்டும் தப்பு. ஒரு மணி நேரம் போதும். ஆனால் எதைப் பார்க்காமல் விடுவது என்று உள்ளே போகும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

அகல உழுவதை விட ஆழ உழு என்று சொன்னவர்கள் இந்த வைகைக்கரை மாதிரி மண்ணில் ஏர் பிடித்தவர்கள்தானே!

ஐந்து போதும்

அறுபது நிமிடம். ஐந்து பொருள். ஒன்றுக்குப் பத்து நிமிடம். மிச்சம் பத்து நிமிடம் நடக்கவும் தண்ணீர் குடிக்கவும். பட்டியல் ஆளுக்கு ஆள் மாறலாம். உதாரணத்துக்கு ஒன்று:

1. பெயர் கீறிய பானை ஓடு. தமிழ்நாடு தொல்லியல் துறை 2018-இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்கள் படிக்கப்பட்டிருக்கின்றன. இதைப் பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. இரண்டே இரண்டு எழுத்தைத் தெரிந்துகொண்டு போனால் போதும். கூட்டல் குறி மாதிரி இருந்தால் 'க'. நட்டு வைத்த குச்சி மாதிரி இருந்தால் 'ர'. பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று தேட வேண்டியதுதான். எட்டு வயதுப் பையன் கூடக் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்தவன் அதை மறக்க மாட்டான். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கும் பாட்டிக்கும் அந்த ஓட்டில் பெயர் கீறியவருக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கவே பத்து நிமிடம் சரியாகப் போய்விடும்.

2. தக்களி. நூல் நூற்கப் பயன்பட்ட சின்னச் சுடுமண் உருண்டை. பக்கத்திலேயே நெசவு வேலைக்குப் பயன்பட்ட கூரான எலும்புக் கருவிகள். ஓடுகிறவர்களின் கண்ணில் இது மண்ணுருண்டை. நிற்கிறவர்களுக்கு அது ஒரு தொழில்.

3. பகடையும் சில்லும். சுடுமண் பகடைக்காய், ஆட்டக்காய்கள், ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள். பாண்டி ஆடிய எந்தப் பெண்ணுக்கும் அதைப் பார்த்ததும் கை பரபரக்கும். இதற்கு விளக்கப் பலகையே தேவையில்லை.

4. உறைகிணறு. சுடுமண் வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு. மண் சரியாமல் இருக்க அதைவிட எளிய வழி என்ன? சிமெண்ட் உறை இறக்கிய கிணறுகளை இன்றைக்கும் கிராமங்களில் பார்க்கலாம். பொருள்தான் மாறியிருக்கிறது, யோசனை மாறவில்லை.

5. சூதுபவள மணி. சிவந்த சின்ன மணி. சூதுபவளக் கல் வைகைக்கரையில் விளைவதில்லை. குஜராத் போன்ற மேற்குப் பகுதிகளிலிருந்து வர வேண்டும். அவ்வளவு தூரம் யார் கொண்டுவந்தார்கள்? பதிலுக்கு என்ன வாங்கிப் போனார்கள்? ஒரு மணியை வைத்துக்கொண்டு ஒரு வியாபாரப் பாதையையே மனதில் போட்டுப் பார்க்கலாம்.

முதல் கூடத்தில்தான் எப்போதும் கூட்டம் அம்மும். அதனால் கடைசிக் கூடத்திலிருந்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம். காலரியில் வீடியோ எடுப்பதை விட, பிடித்த ஒரு பொருளைத் துண்டுச் சீட்டில் வரைந்து பார்ப்பது மேல். படம் கோணலாக வந்தால் குடி முழுகிப் போகாது. வரையும்போதுதான் பானையின் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்பதே கண்ணில் படும் :)

இது புதுசாகக் கண்டுபிடித்த தத்துவம் ஒன்றும் இல்லை. மதுரைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம். அங்கே படங்களும் பலகைகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பள்ளி நாளில் போய்வந்த யாரையாவது கூப்பிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால் போதும். 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த துணியைத்தான் சொல்வார்கள். ஏனென்றால் அந்த ஒரு பெட்டிக்கு முன்னால்தான் எல்லாரும் நிற்கிறார்கள். சத்தம் போடுகிற பையன் கூட அங்கே வாயை மூடுகிறான். நின்ற இடம் நினைவில் நிற்கிறது. நடந்த இடம் எல்லாம் மறந்து போகிறது.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளுக்கு இந்த ஓட்டத்தைக் கற்றுக்கொடுப்பதே பள்ளிக்கூடங்கள்தான். அறுபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "நிக்காதீங்கடா, நகருங்க, நகருங்க" என்று விரட்டுவது. இது போதாதென்று, பலகையில் இருப்பதை எல்லாம் நோட்டில் எழுதி வரச் சொல்வது. பாவம், பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே போகிறார்கள். பானை ஒரு பக்கம் இருக்க, பானையைப் பற்றிய எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அதற்கு மதுரை வரை டீசல் எதற்கு?

கேட்டால், "அத்தனை பேரையும் எப்படிச் சமாளிப்பது?" என்பார்கள். ரொம்பச் சுலபம். கூடங்கள் ஆறு, பிள்ளைகள் அறுபது. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரே ஒரு கூடம். ஒரு மணி நேரமும் அவர்கள் அந்தக் கூடத்தில்தான். திரும்பும்போது பேருந்தில் சினிமாப் பாட்டை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குழுவும் தான் பார்த்ததை மற்ற ஐந்து குழுவுக்கும் சொல்ல வேண்டும். தான் பார்த்ததை இன்னொருவனுக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் எந்தப் பையனும் உற்றுப் பார்ப்பான். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

இதெல்லாம் ஏன் முக்கியம்?

ஏதோ ஒரு சுற்றுலா இடம் என்றால் விட்டுவிடலாம். கீழடியை அப்படி விட முடியாது. ஏனென்றால் தமிழ்நாட்டில் கீழடியைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. பார்த்தவர்கள்தான் குறைவு.

மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா 2014-15-இல் தோண்ட ஆரம்பித்தார். 2017-இல் அவரை அசாமுக்கு மாற்றினார்கள். பிறகு மாநிலத் தொல்லியல் துறை வேலையை எடுத்துக்கொண்டது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியதில் அதன் காலம் கி.மு. 580 என்று வந்ததாக 2019-இல் அறிக்கை வெளியிட்டது. முதல் இரண்டு கட்டங்களைப் பற்றி 982 பக்க அறிக்கையை அமர்நாத் 2023 ஜனவரியில் கொடுத்தார். அதைத் திருத்தித் தரச் சொல்லி 2025 மே மாதம் மத்தியத் துறை கடிதம் அனுப்பியது. தன் முடிவுகள் சரியானவையே என்று அவர் பதில் எழுதினார். அடுத்த மாதமே மறுபடி இடமாற்றம்.

இவ்வளவு பெரிய சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போது வாட்ஸப்பில் என்ன வருகிறது? ஒரு பக்கம் "கீழடி பத்தாயிரம் ஆண்டு பழசு" என்று பெருமை. இன்னொரு பக்கம் "நாலு உடைந்த சட்டியை வைத்து அரசியல்" என்று கிண்டல். இரண்டையும் அனுப்புகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள். ஒரு ஓட்டுக்கு முன்னால் கூட ஐந்து நிமிடம் நிற்காதவர்கள்.

மண் அடுக்கு என்றால் என்ன என்று பார்த்தவனுக்குக் கேள்வி வரும். அந்தக் கரி எந்த அடுக்கில் கிடைத்தது? எழுத்துள்ள ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது? கரிக்கு வந்த காலத்தை ஓட்டுக்கும் எப்படிப் பொருத்துகிறார்கள்? இந்த மூன்று கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனைப் பத்தாயிரம் ஆண்டு என்றும் ஏமாற்ற முடியாது, வெறும் சட்டி என்றும் ஏமாற்ற முடியாது. ஓடிப் பார்த்தவனை எவன் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். இன்றைக்குப் பெருமை பேசுவான், நாளைக்கு யாராவது சத்தமாக மறுத்தால் வாயடைத்து நிற்பான். கையில் ஆதாரம் இல்லாத பெருமை அந்த மாதிரிதான்.

அகழாய்வு நடந்தது தென்னந்தோப்புகளுக்குள். பல மாதங்கள் அங்கே உட்கார்ந்து, கூலிக்கு வந்த உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் சின்னக் கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைச் சுரண்டி, ஒவ்வொரு ஓட்டையும் கழுவி, எண் போட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அடி ஆழம் போக அவர்களுக்கு எத்தனையோ நாள் ஆகியிருக்கும். அவர்கள் அவசரப்பட்டிருந்தால் பெயர் கீறிய ஓடு குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும்.

அவ்வளவு பொறுமையாக எடுத்ததைப் பத்து நிமிடம் நின்று பார்க்க முடியாதா? வேன் டிரைவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இன்னும் ஒரு ஓடு பாக்கி இருக்கிறது.