மஞ்சள் விளக்கு



என் முன்னாள் மாணவர் ஒருவருக்கு விநோதமான பொழுதுபோக்கு ஒன்று உண்டு. இடிக்கப்படும் கட்டடங்களிலிருந்து கழற்றப்பட்ட தீ எச்சரிப்புப் பேனல்களை மலிவு விலைக்கு வாங்கி வந்து, தம் வீட்டு மேசையின்மேல் வைத்து மீண்டும் உயிர்ப்பிப்பார். மணி, புகை உணர்கருவி, கண்ணாடியை உடைத்து அழுத்தும் சிவப்புப் பெட்டி என எல்லாம் அவரிடம் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய ஆர்வலர்கள் பலர் இருக்கின்றனர். தபால்தலை சேர்த்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். ஆயினும் மின்சுற்றைக் கையால் தொட்டுக் கற்பவரைக் குறைகூற எனக்கு மனம் வராது.

அவர் மேசையில் கண்ட ஒன்றுதான் என்னை எழுதத் தூண்டியது.

இப்பேனல்களுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் இரண்டு இருக்கும். அவற்றைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் கிடைக்கும். நம் மாணவர்கள் அறிவியல் பாடத்தில் வரையும் அதே தொடர் மின்சுற்றுதான். மின்சாரம் தடைப்பட்டால் பேனலைத் தாங்குபவை இவையே. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 விதித்தொகுப்பின் பொதுவான கணக்குப்படி, 24 மணி நேரம் காத்திருந்த பின்னரும் 5 நிமிடங்கள் மணி அடிக்கும் ஆற்றல் அவற்றில் எஞ்சியிருக்க வேண்டும். ஆகவே பேனல் தன் பேட்டரியைத் தானே கண்காணிக்கிறது. இணைப்பு அறுந்தாலோ மின்னழுத்தம் குறைந்தாலோ மஞ்சள் விளக்கு எரியும். பீப், பீப் என்று ஒலி எழும்.

மேசையில் விளையாடுபவருக்கு அவ்வொலி பெருந்தொல்லை. "டீச்சர், பேட்டரி ரெண்டு வாங்கினா நூறு ரிங்கிட்டுக்கு மேல ஆகும். சும்மா ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறதுக்கு எதுக்கு?" என்றார். பேட்டரி இருப்பதாகப் பேனலை நம்பவைக்கும் ஒட்டுவேலை ஒன்றைச் செய்திருந்தார். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது; பச்சை விளக்கு மட்டும் அமைதியாக எரிந்தது.

அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மேசைமேல் இருக்கும் பேனல் யாரையும் காக்கவில்லை. எனினும் அதே பேனலில் ஒலியை மட்டும் நிறுத்தும் பொத்தான் ஒன்று உண்டு என்பதை அவரே காட்டினார். அதை அழுத்தினால் இரைச்சல் நிற்கும். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 'குறை இருக்கிறது, எனக்குத் தெரியும்' என்று ஒப்புக்கொள்வதற்காக வைக்கப்பட்ட பொத்தான் அது. ஒட்டுவேலையோ குறையே இல்லை என்று சொல்கிறது. முன்னது பொறுமை, பின்னது பொய். பொழுதுபோக்குக்காரர்களுக்கு முன்னதே போதுமே என்பது என் கருத்து.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்று கேட்கலாம். சில மாதங்களில் அப்பேனல் மேசையை விட்டு நகர்ந்தது. கடைவீட்டின் மேல்மாடியில் அவர் நடத்தும் டியூஷன் வகுப்பில் அதைச் சுவரில் மாட்டினார். எந்தத் தீய எண்ணமும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஒட்டுவேலையும் கூடவே ஏறிப்போனது, அவருக்கே அது மறந்துவிட்டது. ஒருநாள் மாலை இடிமழையில் மின்சாரம் போனபோது பேனலும் சேர்ந்து இருண்டது. இருபது பிள்ளைகள், ஒரே படிக்கட்டு. நல்லவேளை, வெறும் மின்தடை மட்டுமே.

தீயும் மின்தடையும் ஒன்றாக வருவது அரிதன்று. கம்பி உருகினால் மின்காப்பு விசை விழும்; எரியும் கட்டடத்தின் மின்சாரத்தைத் தீயணைப்பு வீரர்களே துண்டிப்பதும் உண்டு. பேட்டரி வேண்டியிருப்பது சரியாக அந்த நேரத்தில்தான்.

மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தவரின் குரலில் நடுக்கம் இருந்தது. திட்ட மனம் வரவில்லை. நம் வீடுகளில் நாம் செய்வது என்ன? சாம்பிராணிப் புகைக்கோ மீன் பொரியலுக்கோ கூரையில் உள்ள புகைக்கருவி கத்தினால், முக்காலி போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போடுகிறோம். கீழே நின்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒட்டுவேலை இல்லாத பேனலையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. மூப்படைந்த பேட்டரி சும்மா இருக்கையில் ஏறக்குறைய சரியான மின்னழுத்தத்தையே காட்டும். வகுப்பில் "புரிந்தது டீச்சர்" என்று தலையாட்டும் பிள்ளையைப் போல! சுமையை ஏற்றினால்தான், அதாவது மணியை அடிக்கவிட்டால்தான், உண்மை தெரியும். இவ்வகைப் பேட்டரிகளின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள். நம் நாட்டு வெப்பத்தில் காற்றோட்டமில்லாத மூலையில் கிடந்தால் இன்னும் குறையும். அனுபவமுள்ள தொழில்நுட்பர்கள் பேட்டரியைப் பொருத்தும் நாளை அதன்மேலேயே மைப்பேனாவால் எழுதிவிடுவார்கள்.

என் மாணவர் அந்தப் பேனலைக் கழற்றி மேசைக்கே கொண்டுபோய்விட்டார். ஒட்டுவேலையையும் நீக்கிவிட்டார். இப்போது அது மஞ்சள் விளக்கு எரிய, ஒலியின்றிக் கிடக்கிறது. டியூஷன் வகுப்புக்கு உரிமம் பெற்ற குத்தகையாளரை அழைத்து முறையான கருவி பொருத்தியிருக்கிறார். செலவு கொஞ்சம் கடித்ததாம்.

இவ்வளவும் கேட்ட பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? திங்கட்கிழமை காலை நானும் எங்கள் பள்ளிப் படிக்கட்டின்கீழ் உள்ள பேனலைக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒலியை எவரோ நிறுத்தியிருந்தார்கள். எப்போதிருந்து என்று அலுவலகத்தில் கேட்டேன்.

"அது எப்பவுமே அப்படித்தான் டீச்சர்."

தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்துள்ளேன். கதவைத் திறந்து பேட்டரியின்மேல் எழுதியுள்ள தேதியைப் பார்க்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.