கையொப்பத்தின் பின்னே அறிவு இருக்கவேண்டும்

இலங்கை அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வு வயதை 2021 நவம்பரில் 65 என உயர்த்தி, பத்து மாதங்கூடக் கழியுமுன்னர் 2022 ஆகஸ்டில் 60 எனத் தாழ்த்தி, அவ்வாண்டு டிசெம்பர் 31ஆந் திகதியோடு பல்லாயிரம் பேரை ஒருசேர வீட்டுக்கு அனுப்பிய தீர்மானத்தைப் பற்றி வாசகர்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. வைத்திய நிபுணர்கள் நீதிமன்றப் படியேறித் தமக்கு நியாயம் தேடிக்கொண்டார்கள். ஆனால் பிரதேச சபைகளிலே கட்டிட வரைபடங்களைப் பரிசீலித்து, நிலத்தைப் பார்வையிட்டு, அனுமதிக்குச் சிபாரிசு செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்காக அத்தகைய உரத்த குரல் எதுவும் எழவில்லை. அவர்கள் எடுத்துச் சென்ற அனுபவத்தின் பெறுமதி எத்தகையது என்பதை, அத்தீர்மானத்தைச் செய்தவர்கள் அன்றும் எண்ணிப்பார்க்கவில்லை; இன்றும் எண்ணிப்பார்ப்பதாகத் தோன்றவில்லை.

கட்டிடப் பரிசோதனை இந்நாட்டுக்குப் புதிய விஷயமன்று. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் அனுமதியின்றிக் கட்டிடம் எழக்கூடாது என்பதையும், எழுந்த கட்டிடம் அனுமதித்த வண்ணம் இருக்கின்றதா என்று பார்க்கப்படவேண்டும் என்பதையும் ஐயத்துக்கிடமின்றி வலியுறுத்துகின்றன. சட்டத்திலே குறைவில்லை, அச்சட்டத்தைக் கையிலேந்தி வளவுக்குள் வந்து நிற்பவரின் அறிவைப் பற்றித்தான் எவருக்கும் கவலையில்லை.

அந்த அறிவு எத்தகையது என்பதைச் சற்று விரித்துரைப்பது அவசியமாகின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்த பூமி. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்த எவரும் இம்மண்ணின் அடியிலே நீர் அரித்த குகைகளும் வெடிப்புகளும் உண்டென்பதை அறிவர். ஓரிடத்தில் இரண்டடியிற் கல் தட்டுப்படுவதும், அதே வளவின் மறுகோடியில் மண் ஆழமாக இறங்குவதும் இங்கே சாதாரணம். அத்திவாரக் குழி வெட்டிய நாளிலே அதனுள் இறங்கிப் பார்க்காமல், கந்தோரிலிருந்து வரைபடத்தை மாத்திரம் பார்த்து மூன்று மாடிக்குச் சம்மதம் கொடுப்பவர் எதற்குச் சம்மதம் கொடுக்கின்றார்? மணலை எடுத்துக்கொண்டால், வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டுக்கு வடமராட்சிக் கிழக்கின் மணற்குன்றுகளிலிருந்து வரும் மணலில் உப்பு எவ்வளவு என்பதை அறியாமற் கலந்த கொங்கிறீற்று, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, ஊதி வெடிக்கச் செய்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தூணைப் பிளந்துவிடும். பூசி மெழுகி வர்ணம் தீட்டிய வீட்டிலே அக்குற்றத்தை எந்தக் கண்ணும் காணமுடியாது. கம்பி கட்டி முடிந்து, பலகையடைத்து, கொங்கிறீற்றுப் போடுவதற்கு முன்னுள்ள அந்த ஒரு வேளையிலேதான், கம்பியின் பருமன் சரியா, வளையங்களின் இடைவெளி சரியா, கம்பிக்கும் பலகைக்கும் இடையே போதிய மறைப்பு விடப்பட்டிருக்கின்றதா என்பவற்றைப் பார்க்கலாம். அந்த வேளையிலே வராத பரிசோதகர் பின்னர் நூறுமுறை வந்தாலும் பயனில்லை.

நீரின் விஷயமும் இவ்வாறே. குடாநாட்டின் ஒரே பருவகால ஆறாகிய வழுக்கையாறு, மாரியிலே கந்தரோடையையும் சண்டிலிப்பாயையும் தழுவி அராலிப் பக்கமாகக் கடனீரேரியை அடைகின்றது. அதன் வழியிலுள்ள தாழ்நிலங்களையும் வயல்களையும் நிரப்பி, மதிலெழுப்பி, மண்டபங்களும் வீடுகளும் கட்டப்படும்போது, வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஊரிலே முப்பது மாரி கண்ட உத்தியோகத்தர் சொல்லுவார். நேற்று இடமாற்றம் பெற்று வந்தவருக்கு அது தெரிய நியாயமில்லை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுநாடாவாற் சரிபார்ப்பது மாத்திரம் போதாது. சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே அசுத்தம் எவ்வளவு விரைவாக ஓடிக் கிணற்றை எட்டும் என்பதையும் அறிந்தவரே அந்தத் தூரத்தின் பொருளை உணர்ந்தவர். குடாநாட்டிலுள்ள சுன்னாகத்திலே நிலத்தடி நீரில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இலே நட்டஈட்டுத் தீர்ப்பில் முடிந்ததைக் கண்ட பின்னரும், நீருக்கு மேலே எழும் கட்டிடங்களைப் பார்வையிடுவோரின் கல்வியை அற்ப விஷயமாக எவரும் கருதமுடியுமா?

இவ்வளவும் எந்த ஒரு புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படவில்லை. மூத்த உத்தியோகத்தர் ஒருவரோடு இளையவர் சில ஆண்டுகள் கூடவே சென்று, மேசன்மாரோடும் ஓவசியர்மாரோடும் வாதாடிக் கற்றுக்கொள்ளும் வித்தை இது. குரு சீட பரம்பரையாக வந்த இந்த வித்தையிலே, குருவை ஒரு சுற்றுநிருபத்தால் அகற்றிவிட்டு, புதிய நியமனங்களையும் நிறுத்திவைத்துச் சீடன் வருகின்ற வாசலையும் அடைத்து, இடையிலே நின்ற நடுவயதினருக்கு ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல 2022 ஜூனிலே அனுமதியும் வழங்கியவர்கள், இம்மூன்றும் ஒரே ஆண்டில் ஒன்றுசேர்ந்தால் விளையப்போவது என்ன என்று ஒரு கணமேனும் சிந்தித்தார்களா? எஞ்சியிருப்பவரோ வீதியையும் வடிகாலையும் மதிப்பீட்டையும் ஒப்பந்தக்காரரின் பற்றுச்சீட்டையும் சுமந்துகொண்டே கட்டிட அனுமதிக்கும் கையொப்பமிட வேண்டியவர். அவர் மீது நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவரை அந்நிலைக்குத் தள்ளியவர்கள் மீதே குற்றஞ்சாட்டுகின்றோம்.

அறியாமையும் அலட்சியமும் வாங்கிய விலையை அறிய நாம் தூரம் செல்ல வேண்டியதில்லை. 2017 மே மாதத்திலே வெள்ளவத்தையில் ஒரு கட்டிடம் சரிந்தது. 2020 செப்டெம்பரிலே கண்டி, பூவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டிடம் இடிந்து ஒரு தம்பதியும் அவர்களுடைய கைக்குழந்தையும் மாண்டனர். கடலுக்கப்பால், சென்னை மவுலிவாக்கத்திலே 2014 ஜூன் 28ஆந் திகதி, அனுமதி பெற்று எழுந்துகொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் வீழ்ந்து 61 உயிர்கள் பலியாயின. அனுமதிப்பத்திரம் எந்தத் தூணையும் தாங்கிப் பிடிக்காது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியம் வேண்டுமா?

இத்தகைய சிந்தனையின்மைக்கு இது முதற்றடவையன்று. 2020இலே ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தவர்கள், அவர்களிலே எத்தனை பேருக்கு எந்தத் தொழிலைக் கற்பிக்கப்போகின்றோம் என்று முன்கூட்டித் தீர்மானித்தார்களில்லை. கந்தோர்களிலே நாற்காலிகள் நிறைந்தன, களத்திலே வெற்றிடம் வெற்றிடமாகவே கிடந்தது. அதற்கும் முன்னர், இந்திய உதவியிலே ஐந்தரை இலட்சம் ரூபாய் மானியத்தோடு மக்கள் தாமே கல்வீடு கட்டிக்கொண்டிருந்த வடக்கிலே, வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் செலவில் 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்த முற்பட்டார்கள். அந்த வீடு இந்த வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்றதா என்று கேட்டவர்கள் எமது பொறியியலாளர்களும் கட்டிடக் கலைஞர்களும் பொதுமக்களுமே. கேட்கவேண்டிய ஸ்தானத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை. 2023 மார்ச்சிலே நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைப் பணமில்லை என்று தள்ளிவைத்து, சபைகளை ஈராண்டுக்கு மேலாக உறுப்பினரின்றி விட்டவர்களும் ஆட்சியாளர்களே. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டிலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவமிக்க பரிசோதகர் வெளியேறிய அதே காலத்திலே, அது பற்றிக் கேள்வி கேட்பதற்குத் தவிசாளரும் இல்லை, சபையும் இல்லை என்றால், அத்துர்ப்பாக்கியத்தை மறதி என்றோ தற்செயல் என்றோ சொல்லி எம்மை எவரும் சமாதானப்படுத்த முடியாது.

பிற தேசங்கள் துன்பத்தினாலாவது பாடம் கற்றன. இலண்டனிலே 2017 ஜூன் மாதம் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டபின், பிரித்தானியா 2022இலே புதிய கட்டிடப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, 2024 முதல், தமது தகுதியை நிரூபித்துப் பதிவுசெய்துகொள்ளாத எவரும் கட்டிடப் பரிசோதகராகக் கடமையாற்ற முடியாது என்று விதித்தது. நீண்டகாலம் உத்தியோகம் பார்த்தவர்களும் தம் அறிவை மறுபடி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதே இலண்டனில் வாழும் எம்மவர் அனுப்புகின்ற பணத்திலேதான் இங்கே மாடிமேல் மாடி எழுகின்றது. அங்கே அவர்கள் உறங்கும் கூரைக்கு உள்ள காவல், இங்கே அவர்களுடைய பெற்றோர் உறங்கும் கூரைக்கு வேண்டாமா?

எமது மானிப்பாய் இவ்விஷயத்திலே பேச உரிமையுள்ள ஊர். மனித உடலைத் தொடுவதற்கு முன்னர் அதைக் கற்றிருக்கவேண்டும் என்ற நியதியை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வைத்தியர் கிறீன் இங்கே நிலைநாட்டி, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்து, தமிழிலே நூல்களும் வெளியிட்டு, எம்மூர் இளைஞரை வைத்தியராக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வைத்தியசாலையிலே இயன்ற காரியம், யாழ்ப்பாணத்திலே தொழில்நுட்பக் கல்லூரியும் கிளிநொச்சியிலே பொறியியற் பீடமும் உள்ள இக்காலத்தில் இயலாது என்று சொல்வாரை நாம் நம்பமாட்டோம். ஓய்வுபெற்றவர்களின் அனுபவம் இன்னமும் ஊரிலேதான் இருக்கின்றது. கற்க விரும்பும் இளைஞரும் இருக்கின்றார்கள். இவ்விருசாராரையும் ஒன்றுசேர்க்கும் வழியை மாகாண நிர்வாகமும் புதிதாகத் தெரிவான சபைகளும் தாமதமின்றிக் கண்டறியவேண்டும்.

கற்றுத் தேர்ந்த கண் ஒன்று களத்திலே நின்று பார்த்தது என்ற உறுதியில்லாமல் இடப்படுகின்ற ஒவ்வொரு கையொப்பமும் பொதுமக்களுக்குச் செய்யப்படும் வஞ்சனை. அதன் பொறுப்பு அதை இட்டவரிலும் பார்க்க, அவருக்குக் கற்பிக்கக்கூடியவர்களை ஒரே நாளிலே வெளியேற்றியவர்களையே சாரும். அடுத்த கட்டிடம் விழுந்தபின் விசாரணைக் குழு நியமிப்பதை நாம் பரிகாரமாக ஏற்கப்போவதில்லை.