பீரோவுக்குள் ஒரு பீர்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். இது சரக்குப் பதிவு. குடிக்காதவங்களும் தாராளமா படிக்கலாம், ஏன்னா இது எப்படியும் பட்டுப்புடவையில போய்த்தான் முடியும். குடி உடம்புக்குக் கெடுதல்னு தனியா சொல்லத் தேவையில்லை. அதுக்கு சாட்சியா பதிவுக்குள்ளேயே எங்க மாமா வர்றார்.

எங்க ஊர் உத்திரமேரூர். ஊர்ப் பேரைச் சொன்னா உடனே எல்லாரும் குடவோலைக் கல்வெட்டுன்னு ஆரம்பிப்பாங்க. ஆமா, அதேதான். பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 921-ல வெட்டினது. யாரெல்லாம் வாரியத்துக்கு வரலாம், யாரெல்லாம் வரக்கூடாதுன்னு ஒரு பெரிய லிஸ்ட்டே இருக்கு. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள இருக்கணும். கணக்கு காட்டாதவன் கூடாது. மகா பாதகம் பண்ணவன் கூடாது. குடிக்கிறதும் மகா பாதகத்துல ஒண்ணு. எனக்கு இன்னும் 35 ஆகலை, எப்படியும் அவுட்டுதான். அதனால தைரியமா எழுதறேன் :-)

விஷயத்துக்கு வருவோம். 2009-ல எங்க மாமா (அம்மாவோட தம்பி) நியூஜெர்சியில ஆன்சைட்ல இருந்தார். எங்க சொந்தத்துல முதல் முதலா ஃப்ளைட் ஏறினவர். நான் அப்ப ஏழாவது. அந்த வருஷம் ரிசஷன்ல ப்ராஜெக்ட் ஊத்திக்கிச்சு, ரெண்டு வருஷம்னு போனவர் பத்தே மாசத்துல பெட்டியைக் கட்டிட்டு வந்துட்டார். எனக்கு சாக்லேட், ஆயாவுக்கு ஸ்வெட்டர் (உத்திரமேரூர்ல!), அத்தைக்கு சென்ட். அவருக்குன்னு ஜீன்ஸ் பேன்ட்ல சுத்தி எடுத்துட்டு வந்தது ஒரே ஒரு பாட்டில். கின்னஸ் கம்பெனியோட 250-ஆவது ஆண்டு ஸ்பெஷல் ஸ்டவுட்.

கின்னஸ்னா ரெக்கார்டு புக் போடறவங்கதானேன்னு கேப்பீங்க. அந்தப் புக்கே பீர் கம்பெனிக்காரங்க 1955-ல ஆரம்பிச்சு வெச்சதுதான். அசல் தொழில் பீர். 1759-ல ஆர்தர் கின்னஸ் டப்ளின்ல ஒரு பழைய பட்டறையை வருஷத்துக்கு 45 பவுண்டு வாடகைக்கு, 9000 வருஷத்துக்கு லீஸ் எடுத்தார். எழுத்துப் பிழை இல்லைங்க, ஒன்பதாயிரமேதான். நாம பதினோரு மாச அக்ரிமென்ட்டுக்கே ஹவுஸ் ஓனர்கிட்ட மல்லுக்கட்டறோம்.

ஸ்டவுட்னா கறுப்பு பீர். முளைகட்டாத பார்லியைக் காபிக்கொட்டை மாதிரி கருக வறுத்துச் சேர்ப்பாங்க. நிறமும் கசப்பும் அதுலேர்ந்து வர்றதுதான். நம்ம கும்பகோணம் டிகாக்‌ஷன் குடிச்சுப் பழகின நாக்குக்கு அது ஒண்ணும் அந்நியம் இல்லை.

அந்த பாட்டிலை மாமா உடைக்கலை. "மறுபடி விசா வரட்டும், அன்னிக்கு உடைக்கலாம்"னு பீரோவுல, பத்திரங்களுக்குப் பக்கத்துல வெச்சார். விசா வரலை. "வீடு கட்டி முடிச்சதும்"னார். கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு ஊரே வந்துச்சு, ஒரு பாட்டில் யாருக்குப் பத்தும்னு மறுபடியும் உள்ளே போச்சு. அப்புறம் வேலையை விட்டுட்டு ஊரோட வந்து உரக்கடை போட்டுட்டார். ஆயா அதைக் கடைசி வரைக்கும் ஏதோ இருமல் மருந்துன்னே நினைச்சுட்டிருந்தாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி மாமாவுக்கு சுகர்னு தெரிஞ்சுது. லிவரும் சரியில்லை, இனிமே ஒரு சொட்டு தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஆபீஸ் நண்பன் லண்டன்லேர்ந்து வாங்கிட்டு வந்த ரெகுலர் கின்னஸ் கேன் ரெண்டு பையில இருந்துச்சு. மாமா எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டார். பீரோவைத் திறந்து அந்த பாட்டிலை எடுத்து என் கையில குடுத்து, "ரெண்டையும் குடிச்சுப் பார்த்து எது நல்லாருக்குன்னு சொல்லுடா மாப்ள"ன்னார்.

ஏரிக்கரைப் பக்கம் எங்க பம்ப்செட் ரூம். ரெண்டு கண்ணாடி டம்ளர், செல்போன் டார்ச். ஜட்ஜ் நான். அம்பயர் மாமா.

முதல்ல ஸ்பெஷல். மூடி ஓரத்துல துரு. திறந்தா 'புஸ்'னு கூட வரலை, வயசானவர் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான். ஊத்தினா நுரை எழும்பவே இல்லை. அடியில தூள் தூளா ஏதோ மிதக்குது. வாசனை? சோயா சாஸ். வாயில வெச்சா பேரீச்சம்பழம் ஊறின தண்ணி, பின்னாடியே மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி. பழைய பீர் பாழாகுமே தவிர விஷமாகாதுங்கிற தைரியத்துல ரெண்டு மடக்கு இறக்கினேன். மூணாவதுக்கு மனசு வரலை.

இதுல மர்மம் எதுவும் இல்லை. பாட்டிலுக்குள்ள கொஞ்சூண்டு ஆக்சிஜன் இருந்தாலே போதும், பீர் மெதுவா கெடும். சூடு ஏற ஏற சீக்கிரம் கெடும். பத்து டிகிரி ஏறினா வேகம் ரெண்டு மடங்குன்னு கெமிஸ்ட்ரியில ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஃப்ரிட்ஜுக்கு 4 டிகிரி, எங்க மாமா வீட்டு பீரோவுக்கு 34-ன்னு வெச்சுக்கோங்க. எட்டு மடங்கு. பதினாறு வருஷத்தை எட்டால பெருக்கினா 128. அதாவது நான் குடிச்சது ஃப்ரிட்ஜ் கணக்குல வெள்ளைக்காரன் காலத்துப் பீர். வருஷக்கணக்கா வெச்சுக் குடிக்கிற பீர்களும் உலகத்துல உண்டுதான், ஆனா அதெல்லாம் ஆல்கஹால் நிறைய உள்ள சாதி. இது வெறும் 5 சதவீதம்.

அடுத்து ரெகுலர். கேனுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பந்து உருளும். திறந்ததும் அதுலேர்ந்து நைட்ரஜன் பீறிட்டு வரும். கார்பன் டை ஆக்சைடு மாதிரி இது தண்ணியில சுலபமா கரையாது, அதனால குமிழி ரொம்பப் பொடிசு, நாக்குல சுருக்குனு குத்தாது, பாலாடை மாதிரி இறங்கும். ஊத்தினதும் ஒரு வேடிக்கை நடக்கும். டம்ளர் ஓரத்துல குமிழி எல்லாம் மேல போகாம கீழ இறங்கும்! நடுவுல பீர் மேல ஏற, ஓரத்துல கீழ இறங்க, அந்த ஓட்டம் பொடிக் குமிழியை எல்லாம் இழுத்துட்டுப் போகுது. மாமா டார்ச்சை டம்ளர் பக்கத்துல பிடிச்சு, குனிஞ்சு, சின்னப் பையன் மாதிரி பார்த்துட்டிருந்தார். ரெண்டு நிமிஷத்துல கீழ கறுப்பு, மேல வெள்ளைன்னு கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நின்னுச்சு. டார்ச்சுக்கு எதிரா பார்த்தா கறுப்பு கூட இல்லை, அடர் சிவப்பு. குடிச்சேன். நல்லா இருந்துச்சு. அவ்ளோதாங்க. அலங்காரமா சொல்றதுக்கு ஒண்ணுமில்லை, நல்லா இருந்துச்சு.

இது நியாயமான போட்டியாடான்னு கேப்பீங்க. கிழவரையும் குமரனையும் ஓட விட்டுட்டு யார் ஜெயிச்சான்னு கேட்ட கதைதான், ஒத்துக்கறேன். ரெண்டும் ஒரே சரக்கும் இல்லை. ரெகுலர் டிராஃப்ட் 4.2 சதவீதம், நைட்ரஜன். ஸ்பெஷல் 5 சதவீதம், சாதா பீர் மாதிரி கார்பன் டை ஆக்சைடு. புதுசா இருந்தப்போ கொஞ்சம் சுள்ளுனு, நல்லாவே இருந்திருக்கும். என் புகாரே அதுதான். குடிக்க வேண்டிய நேரத்துல அதைக் குடிக்க விடாம பண்ணினது எது? பாட்டில் மேல ஒட்டியிருந்த 'ஸ்பெஷல்'ங்கிற நினைப்பு. மாமா ஆறு பாட்டில் ரெகுலர் வாங்கிட்டு வந்திருந்தா அந்த வாரமே காலியாகியிருக்கும், சந்தோஷமா.

இன்னொண்ணும் தோணுச்சு. கின்னஸ்காரங்களே தங்களோட 200-ஆவது ஆண்டுக்கு, அதாவது 1959-ல, என்ன பண்ணாங்க தெரியுமா? மைக்கேல் ஆஷ்னு கேம்பிரிட்ஜ்ல கணக்கு படிச்ச ஒருத்தர். ஸ்டவுட்டைப் பீப்பாயிலேர்ந்து எப்பவும் ஒரே மாதிரி நுரையோட ஊத்தறது எப்படின்னு வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுட்டிருந்தார். கம்பெனிக்குள்ளேயே அதுக்குக் கிறுக்கு கின்னஸ்னு பட்டப்பேர் வெச்சுக் கிண்டல் பண்ணாங்க. கடைசியில நைட்ரஜனைக் கலந்து ஜெயிச்சுட்டார். அந்த 200-ஆவது வருஷத்துலயே அது கடைக்கு வந்துச்சு. அதுக்கு விழா எடிஷன்னு பேர் வைக்கலை. ரெகுலர் ஆக்கினாங்க. கேனுக்குள்ள நைட்ரஜன் விடற பிளாஸ்டிக் சமாச்சாரம் வந்தது 1988-ல (பந்து வடிவம் அப்புறம்தான்), அதுவும் ரெகுலருக்காகத்தான். 250-ஆவது ஆண்டுக்கு ஸ்பெஷல் பாட்டில் விட்டாங்க, கொஞ்ச மாசம் வித்துச்சு, போச்சு. இன்னிக்கு அதைக் குடிக்கணும்னா எங்க மாமா பீரோவுக்குத்தான் வரணும், இப்ப அங்கேயும் இல்லை.

ஒரு தடவை நல்லா பண்றது பெரிய விஷயமே இல்லைங்க. நம்ம தொழிலையே எடுத்துக்கோங்க. டெமோ யார் வேணா ஓட்டிடலாம். அதே கோடு புரொடக்‌ஷன்ல தினமும், ராத்திரி ரெண்டு மணிக்கும், யாரும் கூப்பிடாம ஓடணும். அதுக்குக் கேக் வெட்ட மாட்டாங்க, ஆனா கஷ்டம் அங்கதான் இருக்கு. இன்ஜினியரிங்ல நாம மனப்பாடம் பண்ணி எழுதின 'ஸ்டூடண்ட் டி-டெஸ்ட்' ஞாபகம் இருக்கா? அந்த 'ஸ்டூடண்ட்' மாணவனே இல்லை. வில்லியம் காசெட், 1899-ல கின்னஸ்ல வேலைக்குச் சேர்ந்தவர். சொந்தப் பேர்ல எதையும் வெளியிடக் கூடாதுன்னு கம்பெனி சொன்னதால 1908-ல அந்தப் பேர்ல கட்டுரை எழுதினார். கையில இருக்கிறது நாலஞ்சு சாம்பிள்தான். அதை வெச்சு பார்லியோட தரத்தை எப்படி நம்பறது, இன்னிக்குக் காய்ச்சினதும் நாளைக்குக் காய்ச்சறதும் ஒரே மாதிரி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுங்கிற தலைவலியில பிறந்ததுதான் அது. எனக்கு அரியர் வெச்ச பேப்பருக்குப் பின்னாடி ஒரு டம்ளர் ரெகுலர் பீர் இருந்திருக்குன்னு அப்பவே யாராவது சொல்லியிருந்தா ஒழுங்கா படிச்சிருப்பேன் :-(

மாமாகிட்ட தீர்ப்பு சொல்லணுமே. கொஞ்சம் மழுப்பினேன். "பரவால்ல மாமா, பழைய ஒயின் மாதிரி..."ன்னு இழுத்தேன். அவர் டம்ளரை வாங்கி மோந்து பார்த்தார். குடிக்கலை. "பொய் சொல்லாதடா"ன்னு சொல்லிட்டு, மிச்சத்தை வாய்க்கால்ல ஊத்தினார். காலி பாட்டிலைக் கழுவித் தர்றேன்னேன், ஷோகேஸ்ல வைக்கலாமேன்னு. "எதுக்கு? போடு அந்தப் பக்கம்"னுட்டார். நடந்து வரும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "அந்த ரூம்ல நாலு பேர் இருந்தோம். வந்து சேர்ற அன்னிக்கு நாலு பேரும் ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிருக்கலாம்."

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா பேசாம போய் அவங்க பீரோவைத் திறந்து கல்யாணப் புடவையை எடுத்துட்டு வந்தாங்க. அசல் காஞ்சிபுரம். மொத்தமா ஆறு தடவை கட்டியிருப்பாங்களாம். நல்லது கெட்டதுக்குக் கட்டலாம்னு மடிச்சு வெச்சதுல, மடிப்பு மடிப்பா ஜரிகை ஓரம் இத்துப் போச்சு. பட்டு கட்டிக் கிழியறது கம்மி, ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வெச்சுத்தான் கிழியும். தறி இருக்கிற ஊர்ல பிறந்த நமக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தாலும் வெச்சுப்போம்.

அதனால மக்களே, என் தீர்ப்பு இதுதான். ஸ்பெஷல் எடிஷனா ரெகுலரான்னா ரெகுலர். ஸ்பெஷல் கிடைச்சா வேண்டாங்கலை, அன்னிக்கே, கூட இருக்கிறவங்களோட முடிச்சுடுங்க. எடுத்து வைக்காதீங்க. நாம காத்துட்டிருக்கிற விசா வர்றதுக்குள்ள சுகர் வந்துடுது.

உங்க வீட்டு பீரோவுல என்ன இருக்கு? போய்ப் பாருங்க.

பி.கு: மிச்சம் இருந்த ஒரு கேனையும் அன்னிக்கு ராத்திரியே காலி பண்ணிட்டேன். கொள்கைன்னா கொள்கை :-)