பைல் தூக்குகிற வேலையா இது?

சமுதாய இளைஞனே! வியாபாரப் பெருமக்களே!

2025 ஏப்ரல் 6 அன்று உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. கேத்தியிலிருந்து ரயிலேறினால் லவ்டேல், அதற்கடுத்து உதகை. அவ்வளவு பக்கம். நம்மவர்கள் போய்ப் பார்த்தார்கள். கட்டடம் பெரிது என்றார்கள். வாசலில் டீக்கடை போட இடம் கிடைக்குமா, எதிரே மருந்துக் கடைக்கு வாடகை எவ்வளவு என்று விசாரித்தார்கள். நல்லது, வியாபாரம் நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால், "இந்தக் கட்டடத்துக்குள்ளே என்னென்ன வேலை இருக்கிறது? அதற்கு என் மகன் என்ன படிக்க வேண்டும்? என் மகள் என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

வாசலில் கடை போடுவதோடு நம் கனவு முடிந்துவிடுகிறது. உள்ளே போக நமக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: டாக்டர்! நீட் தேர்வில் இடம் கிடைத்தால் டாக்டர். கிடைக்காவிட்டால் அத்தாவின் மண்டி. டாக்டருக்கும் மண்டிக்கும் நடுவே ஒரு உலகமே இருக்கிறது என்பதை இந்தச் சமுதாயம் எப்போது தெரிந்துகொள்ளப் போகிறது?

அந்த உலகத்தில் ஒரு மூலையைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். மருத்துவ ஆவணத் துறை. ஆங்கிலத்தில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் என்பார்கள். இப்போது ஹெல்த் இன்பர்மேஷன் மேனேஜ்மெண்ட் என்று பெயர் வளர்ந்திருக்கிறது. சொன்னவுடனே நம் பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். "பைல் தூக்குற வேலைக்கா படிக்க வைக்கணும்?"

பைல் தூக்குகிற வேலையா இது? பார்ப்போம்.

அந்த அறையில் என்ன நடக்கிறது?

ஒரு நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த நிமிடத்திலிருந்து அவருக்கு ஓர் எண், ஒரு கோப்பு. டாக்டர் எழுதுவது, நர்ஸ் எழுதுவது, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதக் கையெழுத்து எல்லாம் அதில் சேரும். அவர் வீடு திரும்பியதும் கோப்பு ஆவணப் பிரிவுக்கு வரும். எந்தத் தாளில் கையெழுத்து விட்டுப்போனது, எந்தத் தாளே காணவில்லை என்று அங்கே சரி பார்க்க வேண்டும். நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த குறியீட்டு எண் போட வேண்டும். விபத்து, அடிதடி, விஷம் போன்ற போலீஸ் வழக்குகளின் கோப்புகளைத் தனியே காக்க வேண்டும். கோர்ட்டு கேட்டால் கொடுக்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனி கேட்டால் உரிய அனுமதி பார்த்துக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று அரசுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அங்கே நடந்த பிறப்பும் இறப்பும் பதிவாளருக்கு 21 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு உடற்கூறு தெரிய வேண்டும். நோய்களின் பெயர் தெரிய வேண்டும். புள்ளியியல் தெரிய வேண்டும். சட்டம் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 1928லேயே இந்தத் துறையினர் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டுவிட்டார்கள். நோய்களுக்கு எண் தரும் பட்டியலின் முதல் வடிவம் வந்தது 1893ல். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது 1948ல். அதன் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நாம்தான் இன்னும் 'பைல் தூக்குற வேலை' என்று சொல்லிக் கொண்டிருக்கிறோம்!

நம் வரலாற்றையாவது புரட்டிப் பார்த்தோமா? 9ஆம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ எழுதிய 'அதபுத் தபீப்' என்ற நூல், நோயாளியின் நிலையை மருத்துவர் ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. நோயாளி இறந்தால் அந்தக் குறிப்பைப் பிற மருத்துவர்கள் ஆராய வேண்டும் என்கிறது. அர்ராஸீ தம் நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை, அவர் இறந்த பின் தொகுத்ததால்தான் 'அல்ஹாவீ' என்ற பெருநூல் உலகத்துக்குக் கிடைத்தது. இப்னு ஸீனாவின் பெயரைச் சொல்லி மேடையில் மார் தட்டுகிறோம். அவர்கள் எழுதி வைத்தார்கள், அதனால் வாழ்கிறார்கள். நாம் மார் மட்டும் தட்டுகிறோம்.

பேனா யார் கையில்?

சகோதரனே! உன் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்து பார். உன் பிறப்புச் சான்றிதழில் 'முகமது'. பள்ளிச் சான்றிதழில் 'முஹம்மத்'. ஆதாரில் 'மொகமது'. ரேஷன் அட்டையில் வெறும் 'அப்துல்', ரஹ்மானைக் காணோம்! உன் தாயார் ஒரு தாளில் பீவி, இன்னொரு தாளில் பேகம், மூன்றாவதில் அம்மாள். பாஸ்போர்ட் ஆபீசில் நாள் முழுக்க நின்று திரும்பி வந்தாயே, எதனால்? இந்த ஓர் எழுத்தால்.

அந்த எழுத்து முதன்முதலில் எங்கே பிசகியது? பெரும்பாலும் பிரசவம் நடந்த மருத்துவமனையில், படிவம் நிரப்பிய மேசையில். அந்த மேசையில் இருந்தவர் நம் பகைவர் அல்ல. அப்துல் என்பது தனிப் பெயர் அல்ல, ரஹ்மானோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை. அந்த மேசைக்கு நம் பிள்ளையை அனுப்பாதது யார் குற்றம்?

இது இனி விளையாட்டல்ல. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023ல் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்ட பிறப்புச் சான்றிதழே ஆதாரம். காகிதத்தைக் காட்டு என்று கேட்கிற காலத்தில் வாழ்கிறோம். தெருவில் இறங்கிக் கோஷம் போட நமக்குத் தெரியும். காகிதத்தைச் சரியாக எழுத வைக்கத் தெரிய வேண்டாமா?

பெயர் வைக்காமல் பதிவான பிறப்புக்கு 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இது உன் மஹல்லாவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2009ஐ மறந்துவிட்டோமா?

2009 நவம்பரில் நீலகிரியே சரிந்தது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மண்ணுக்கு அடியில் போனது வீடு மட்டுமா? ரேஷன் அட்டை, பத்திரம், சான்றிதழ் எல்லாம் போனது. அப்படி எல்லாம் போன பிறகு ஒரு மனிதன் இருந்தான், இன்னாருடைய மகன், இன்ன தேதியில் இறந்தான் என்று சொல்ல மிஞ்சுவது எது? அரசு அலுவலகப் பதிவேடும் மருத்துவமனைக் கோப்பும்தான். நிவாரணம் கண்ணீரைப் பார்த்து வருவதில்லை. காகிதத்தைப் பார்த்துத்தான் வருகிறது.

இதே மலையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இந்தியாவில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952ல், நீலகிரி பழங்குடி மக்களிடம். ஒவ்வொருவராகச் சோதித்துக் கணக்காக எழுதினார்கள், வெளியே தெரிந்தது. எழுதாமல் விட்டிருந்தால்? ஏதோ காய்ச்சல், ஏதோ வலி என்று போயிருக்கும். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நோயும், காய்கறிக் காட்டில் மருந்தடிப்பவனின் நோயும் இப்படி எண்ணப்பட்டால்தான் அரசுக்குக் கண் தெரியும்.

வியாபாரிகளே, உங்களுக்கும்தான்!

கடையில் ஒரு சிட்டை தவறினால் விடிய விடியத் தேடுகிறீர்கள். பேரேட்டில் 10 ரூபாய் இடித்தால் கணக்குப்பிள்ளையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறீர்கள். ஆனால் சொந்த நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்று கேட்டால், "சரக்கு வந்த பில்லோடு எங்கேயோ கிடக்கும்" என்கிறீர்கள்!

மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் உங்கள் வண்டி மோதுகிறது. நஷ்டஈட்டு வழக்கு எதை நம்பி நிற்கிறது? விபத்துப் பதிவேட்டையும் காயச் சான்றிதழையும் நம்பி. வருடந்தோறும் பிரீமியம் கட்டிய காப்பீடு கைவிரிக்கிறது. பாலிசியில் ஒரு பெயர், மருத்துவமனைக் கோப்பில் ஒரு பெயர்! உள்நோயாளியின் ஆவணத்தை மருத்துவர் 3 ஆண்டு காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிமுறை சொல்கிறது. உங்களில் யாராவது கேட்டு வாங்கியதுண்டா? கேட்கலாம் என்று தெரிந்தால்தானே!

இதைத் தெரிந்த ஒரு பிள்ளை ஊருக்கு ஒருவன் இருந்தால் ஜமாஅத்துக்கே காவல். ப்ளஸ் டூ முடித்தவனைக் கல்லாவில் உட்கார வைக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள். மூன்று மகன்கள் இருந்தால் ஒருவனைக் கடைக்கு எடுத்துக் கொள்ளுங்கள், மூவரையும் எடுக்காதீர்கள். ஒரு கடையை மூன்றாகப் பிரித்து மூவரும் நொடித்துப்போன கதைகள் உங்கள் கண்ணெதிரே இல்லையா?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் பையன்களைவிட அதிக மார்க் வாங்கி விட்டு, மாப்பிள்ளை வரும் வரை வீட்டில் இருக்கிறார்களே, அவர்களுக்கு இது பொருந்தாத வேலையா? வலீமா விருந்துக்கு எத்தனை கிடா என்று கூடிப் பேசுகிற தந்தையே, அதில் இரண்டு கிடாவின் விலையைப் படிப்புக்குப் போடு.

எங்கே படிப்பது? எங்கே ஏமாறக் கூடாது?

வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ ஆவண அறிவியல் படிப்பு நடக்கிறது. மணிப்பாலில் ஹெல்த் இன்பர்மேஷன் மேனேஜ்மெண்டில் பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் உண்டு. மருத்துவ ஆவண அலுவலர், டெக்னீஷியன் பயிற்சியை மத்திய அரசு டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் நடத்தி வந்திருக்கிறது. விசாரி, விண்ணப்பி.

கவனமாகக் கேள். 2021ல் துணை மருத்துவத் தொழில்களுக்காக மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதன் 10 பிரிவுகளில் கடைசிப் பிரிவே சுகாதாரத் தகவல் மேலாண்மைதான். அந்தச் சட்டப்படி துணை மருத்துவத் தொழிலருக்குக் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும். அதற்கு மேற்பட்ட நிலைக்கு 3600 மணி நேரம்.

இப்போது கோவையிலும் சென்னையிலும் தெருவுக்கு ஒரு பலகை தொங்குகிறதே, "45 நாளில் மெடிக்கல் கோடிங், கை நிறையச் சம்பளம்" என்று, அதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார். கோடிங் பொய்யான வேலை அல்ல. அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்குகளுக்குக் குறியீடு போடும் கம்பெனிகள் இங்கே உண்மையிலேயே ஆள் எடுக்கின்றன. ஆனால் அது இந்தத் துறையின் ஒரு கிளை, மரம் அல்ல. கிளையைக் காட்டி மரத்தின் விலை வாங்குகிறவனிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதே. அமெரிக்காவின் 'ஆர்.எச்.ஐ.ஏ.' பட்டயத்தை வாங்கித் தருகிறேன் என்பவனிடம் இன்னும் எச்சரிக்கையாக இரு. அது அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பை முடித்த பிறகு எழுதும் தேர்வு. கடையில் விற்கும் சரக்கல்ல.

எவனிடமும் மூன்று கேள்வி கேள்: எந்தப் பல்கலைக்கழகம்? எந்த மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி? 2021 சட்டப்படி பதிவு செய்ய முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் எழுந்து வந்துவிடு.

வளைகுடாவுக்குப் போக நினைக்கும் தம்பிக்கும் ஒரு சேதி. அபுதாபியில் மருத்துவமனைகளின் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் ஏற்பாட்டுக்குப் பெயரே 'மலஃபீ'. அரபியில் 'என் கோப்பு' என்று பொருள். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போவதா, கோப்பைக் காக்கப் போவதா என்பதை நீ இங்கே படிக்கும்போதே முடிவு செய்கிறாய்.

"கம்ப்யூட்டரே செய்துவிடுமே!"

இப்படிச் சொல்லித் தப்பிக்கிறவர்கள் உண்டு. 2021 செப்டம்பர் 27 அன்று மத்திய அரசு டிஜிட்டல் சுகாதார இயக்கத்தை நாடு முழுக்கத் தொடங்கியது. ஆளுக்கொரு 14 இலக்க எண். இனி உன் நோய் முழுவதும் ஒரு பொத்தானில்! சரி, அந்தப் பொத்தானை யார் யார் அழுத்தலாம்? உன் மனைவியின் நோயை எவன் பார்க்கலாம், எவன் பார்க்கக் கூடாது? தவறாக ஏறிய பெயரை எவன் திருத்துவது? கோர்ட்டில் கூண்டேறி எவன் பதில் சொல்வது? கம்ப்யூட்டரா? குறியீடு போடும் வேலையில் பாதியை இயந்திரம் எடுத்துக் கொள்ளட்டும். பொறுப்பை அது எடுத்துக் கொள்ளாது. ஆகவே வெறும் குறியீடு மட்டும் கற்காதே. சட்டத்தையும் நிர்வாகத்தையும் சேர்த்துக் கல்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

அரசிடமும் நமக்குக் கணக்கிருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் ஆவணப் பிரிவு இருந்தாக வேண்டும் என்பது அங்கீகார நிபந்தனை. அந்தப் பிரிவை முறையாகப் படித்தவர்களைக் கொண்டு, நிரந்தரப் பணியிடங்களில் நிரப்ப வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு விடக் கூடாது. உதகை மருத்துவக் கல்லூரியிலேயே மருத்துவ ஆவணப் படிப்பு வேண்டும். மலை மக்கள் இறங்கிப் போய்த்தான் படிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

2007ல் போராடிப் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு நம் கையில் இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், மாப்பிள்ளை, தக்னி, ஷேக், சையத், அன்சர், துதேகுலா எல்லாரும் அதில் வருகிறார்கள். ஆனால் விண்ணப்பிக்க ஆளில்லாத ஒதுக்கீடு, தண்ணீர் இறைக்க ஆளில்லாத கிணறு. சாதிச் சான்றிதழை இன்றே எடுத்து வை. பெயரில் பிழையிருந்தால் இன்றே திருத்து.

கேத்தி, அருவங்காடு, குன்னூர், உதகை ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலுக்கு அடுத்த மினாராவைப் பற்றிப் பேசும் முன், ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளை, ஓர் ஆண், ஒரு பெண், இந்தப் படிப்புக்கு அனுப்பத் தீர்மானம் போடுங்கள். கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். படித்து வந்தவர் மாதம் ஒரு நாள் மஹல்லாவில் உட்கார்ந்து நம் மக்களின் சான்றிதழ்களைப் பார்த்துக் கொடுக்கட்டும்.

அடுத்த வாரம் உதகை மருத்துவமனையில் ஒரு குழந்தை பிறக்கும். அத்தாவும் அம்மாவும் ஆசையாய் வைத்த பெயரை யாரோ ஒருவர் எழுதுவார். அந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதப் போவது யார், இளைஞனே?